ரயிலை நம்பிப் போட்ட மாத்திரை

வாங்கம்மா, வாங்கய்யா. கையில் இருக்கிற வேலையை ஓரமாக வைத்துவிட்டு இப்படிக் கிட்டே வந்து உட்காருங்கள். போன வாரம் பாதியில் எழுந்து போய்விட்டேன் என்று என் மேல் கோபம் இருக்கும். இருக்கட்டும், உரிமை உள்ள இடத்தில்தானே கோபம் வரும். இன்றைக்கு ஒரு பகல் பொழுதின் கதையை உங்களுக்குச் சொல்லப் போகிறேன். கேட்கும்போது கண் கலங்கினால் அடக்காதீர்கள்.

நம் மைக்கம்மாவை உங்களுக்குத் தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. ரயில் நிலையத்தில் எந்த வண்டி எப்போது, எந்த பிளாட்பாரத்தில் வருகிறது என்று அறிவிக்கிற வேலை அவளுக்கு. பத்தொன்பது வருஷமாக அந்தக் கண்ணாடி அறைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறாள். சுமை தூக்குகிறவர் முதல் ஸ்டேஷன் மாஸ்டர் வரை எல்லோருக்கும் அவள் மைக்கம்மா. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஒரே மகள், வயது இருபத்திரண்டு. வீட்டில் இன்னமும் வாண்டு என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

போன வருஷம் ஒருநாள் சாயங்காலம், மைக்கம்மாவின் இடது இமை கடை ஷட்டர் மாதிரி பாதி இறங்கி நின்றுவிட்டது. அப்புறம் ஒன்று இரண்டாகத் தெரிந்தது. அப்புறம் குரல் மூக்குக்குள் போய்ப் புகுந்துகொண்டது. டாக்டர்கள் தேடித் தேடிப் பார்த்து, நெஞ்செலும்புக்குப் பின்னால், தைமஸ் என்ற சுரப்பியில் ஒரு கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். எலும்பை அறுத்துக் கட்டியை எடுத்துக் கம்பி போட்டுத் தைத்தார்கள்.

கட்டி போனால் எல்லாம் போய்விடும் என்று வீடே நம்பியது. கட்டி போனது. மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோய் மட்டும் தங்கிவிட்டது.

"ஆபரேஷனோட பலன் தெரிய ஒரு வருஷம் ஆகலாம், மூணு வருஷமும் ஆகலாம். பொறுமையா இருக்கணும்" என்றார் டாக்டர். இப்போது ஆறு மாதம் ஆகிறது.

அவளுக்குப் புரிகிற மாதிரியே அவர் சொன்னார். "உங்க மூளை மைக்ல சரியாத்தான் பேசுதும்மா. நரம்புங்கிற ஒயரும் சரியாத்தான் இருக்கு. தசையில இருக்கிற ஸ்பீக்கரைத்தான் உங்க உடம்பே துணி வச்சு அடைக்குது."

மாத்திரை போட்டால் அந்தத் துணி கொஞ்ச நேரம் விலகும். முக்கால் மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கும், மூன்று மணி நேரம் போல நிற்கும், பிறகு இறங்கிவிடும். நாலு மணி நேரத்துக்கு ஒன்று. "அவசரம்னு நீங்களா கூடப் போட்டுடாதீங்க. மருந்து ஜாஸ்தியானாலும் தசை இதே மாதிரிதான் தளரும்" என்று டாக்டர் விரலை நீட்டிச் சொல்லியிருந்தார்.

ஆகவே அந்த வீட்டில் குளிப்பது, சாப்பிடுவது, தலை வாருவது எல்லாம் மாத்திரை நேரத்தைப் பார்த்துத்தான். சண்டைகூட.

"இருங்க, இப்பப் பேசினா நீங்க ஜெயிச்சுடுவீங்க. பத்தே முக்காலுக்கு வாங்க, பேசிக்கலாம்" என்பாள் புருஷனிடம்.

இன்னொரு விஷயமும் அவர்கள் வீட்டு வழக்கம். தினமும் காலையில் மைக்கம்மா ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். எந்த எண்ணோடு மூச்சு தீர்கிறதோ அதை வாண்டு காலண்டரில் எழுதி வைப்பாள். இருபதைத் தாண்டாவிட்டால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. மூச்சை இழுக்கிற தசையும் தசைதானே.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

அது வாண்டு ஊரைவிட்டுக் கிளம்புகிற நாள். பெரிய நகரம் ஒன்றில் தண்ணீரைப் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. பதின்மூன்று மணி நேர ரயில் பயணம். மதியம் மூன்று மணி வண்டி. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வேலையில் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும்.

"எண்ணும்மா" என்றாள் வாண்டு, கையில் பேனாவோடு.

மைக்கம்மா சமையலறையில் நின்று எண்ணத் தொடங்கினாள். பத்து வரை குரல் தெளிவாக இருந்தது. பதினைந்தில் மெலிந்தது. பத்தொன்பதில் அவள் அடுப்பின் பக்கம் திரும்பி, திருகைப் பிடித்து எதையோ அணைப்பது போல ஒரு நொடி நின்றாள். அந்த நொடியில் ஒரு மூச்சைத் திருடிக்கொண்டாள். திரும்பி இருபதிலிருந்து தொடர்ந்தாள்.

"முப்பத்தொண்ணு" என்று முடித்தாள்.

மேஜைக்கு அடியில் வாண்டுவின் பயணப் பெட்டியின் சக்கரத்தைச் சரிசெய்துகொண்டிருந்த புருஷன் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "அடேயப்பா, போன வாரத்தைவிட நாலு ஜாஸ்தி. லோடு டெஸ்ட் பாஸ்."

வாண்டு காலண்டரில் முப்பத்தொன்று என்று எழுதினாள். பேனாவின் மூடியைத் தேடினாள். மூடி அவள் கையிலேயே இருந்தது.

"நீ போயிட்டா, சாயங்காலத்துல உங்கம்மா பேசறதை யாரு எனக்கு எடுத்துச் சொல்லுவா?" என்றார் அப்பா, முட்டியைத் தடவியபடி எழுந்து.

அதுதான் அந்த வீட்டின் பெரிய கவலை. சாயங்காலம் மருந்து இறங்குகிற நேரத்தில் மைக்கம்மா பேசினால் சொற்கள் மூக்கு வழியாகக் கரைந்துபோகும். தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு பேசுவாள். புருஷனுக்கு ஒன்றும் பிடிபடாது. வாண்டுக்கு மட்டும் ஒரு சொல் விடாமல் புரியும். உப்புக் குறைச்சல் என்கிறாள் அம்மா, ஜன்னலைச் சாத்தச் சொல்கிறாள் அம்மா என்று அவள்தான் எடுத்துச் சொல்வாள். நடு நடுவே, "அப்பா, நாளைக்கு எனக்கு ஐஸ்க்ரீம் வாங்கித் தரணுமாம், அம்மா சொல்றா" என்று தன் சரக்கையும் கலந்துவிடுவாள். மைக்கம்மா மறுத்துப் பேசுவாள். அதையும் வாண்டுதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

"சாயங்காலத்துலயாவது என் பேச்சு புரியாம நிம்மதியா இருங்களேன்" என்றாள் மைக்கம்மா.

"லிஃப்ட்ல லோடு ஜாஸ்தியானா என்ன ஆகும் தெரியுமா?" என்றார் அவர். இதை நூறு தடவை சொல்லியிருப்பார். "பஸ்ஸர் அடிக்கும். கதவு மூடாது. யாராவது ஒருத்தர் இறங்கினா போதும், பாக்கிப் பேரு மேல போயிடலாம். நீயும் தலையில தூக்கி வச்சிருக்கிற வேலையில ஏதாவது ஒண்ணை இறக்கி வையேன்."

"யாரு இறங்கறதுன்னுதானே எல்லாரும் மேல பாத்துட்டு நிப்பாங்க" என்றாள் அவள்.

வாண்டு மட்டும் சிரிக்கவில்லை. சட்டைகளை மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தாள்.

மைக்கம்மா ஆபரேஷனுக்குப் பிறகு வேலையில் சேர்ந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. மாதக் கடைசி வரை பார்ப்போம், முடியாவிட்டால் தொலைந்த பொருள் அறைக்கு மாற்றித் தருகிறேன் என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லியிருந்தார்.

அந்த அறிவிப்பு அறையில் ஒரு பெட்டி இருக்கிறது. கம்ப்யூட்டர்தான், எல்லோரும் பெட்டி என்பார்கள். அதற்குள் இருப்பதும் மைக்கம்மாவின் குரல்தான். ஒன்பது வருஷத்துக்கு முன் பதிவுசெய்தது. நேரத்துக்கு வருகிற வண்டிகளுக்குப் பொத்தானை அழுத்தினால் பெட்டி பேசிவிடும். தாமதமானாலோ பிளாட்பாரம் மாறினாலோ ஆள்தான் பேச வேண்டும். அந்தப் பழைய குரல் கணீரென்று ஒலிக்கும்போது மைக்கம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

"உன் வண்டிக்குப் பெட்டி பேசாது. நான் பேசுவேன்" என்று வாண்டுவிடம் சொல்லியிருந்தாள். பெற்றவள் மகளுக்குக் கொடுத்தனுப்ப எத்தனையோ இருக்கும். அவளுக்கு இது ஒன்றைத்தான் கொடுக்கத் தோன்றியது.

மூன்று மணி வண்டி. ஆகவே இரண்டு மணிக்கு மாத்திரை. மூன்று மணிக்குக் குரல் நன்றாக ஏறி நிற்கும். காலையிலிருந்து வேறு யாரிடமும் அதிகம் பேசாமல் குரலைச் சேமித்துவைத்திருந்தாள். அறிவிப்பை ஒரு தாளில் எழுதி, மூச்சு எங்கே எடுப்பது என்று சின்னக் கோடுகூடப் போட்டுவைத்திருந்தாள்.

ரயிலை நம்பி யாராவது மாத்திரை போடுவார்களா? அதுவும் பத்தொன்பது வருஷம் ரயில் தாமதத்தையே ஊருக்குச் சொல்லிப் பிழைத்தவள். அவளுக்கே தோன்றவில்லை பாருங்கள். பாசம் வந்தால் தொழில் மறந்துவிடுகிறது.

இரண்டு இருபதுக்கு மேஜை போன் அடித்தது. மூன்று மணி வண்டி நாற்பது நிமிஷம் தாமதம்.

தாமதத்தைப் பெட்டி சொல்லாது. மைக்கம்மாதான் பேசினாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. சொன்னாள். குரல் நன்றாகவே இருந்தது.

வெளியே முதலாம் பிளாட்பாரத்தில் புருஷனும் மகளும் பெட்டிகளோடு வந்து நின்றார்கள். வாண்டு கண்ணாடிக்கு அருகில் வந்து மூக்கை அதில் அழுத்திக் காட்டினாள். சின்ன வயதில் செய்கிற சேஷ்டை. மைக்கம்மாவும் சிரித்தாள். சிரிப்பு ஒரு பக்கம்தான் ஏறியது.

மூன்று பத்துக்கு மறுபடி போன். மேலும் ஒன்றரை மணி நேரம்.

ஸ்டேஷன் மாஸ்டர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். "கட்டைக்குரலை வரச் சொல்லட்டுமாம்மா? குவார்ட்டர்ஸ்லதான் இருப்பாரு."

கட்டைக்குரல் என்பது அவளுக்கு அடுத்த ஷிஃப்டில் மைக்கில் உட்காருபவர். ஒவ்வொரு அறிவிப்புக்கும் முன்னால் தொண்டையைக் கனைத்து ஊரையே எழுப்புவார். ஆறு மணிக்குத்தான் அவர் வேலை.

"வேண்டாம் சார். இந்த ஒரு வண்டி மட்டும் நான் பாத்துக்கறேன்."

"நீங்க சொன்னா சரி."

அவர் போய்விட்டார். அந்த ஒரு வண்டி அவளிடம் இரண்டு விதமாக வாங்கிக்கொண்டது. நேரம் போகப் போக மருந்து இறங்கியது. தாமதம் என்று சொல்லச் சொல்லக் குரலும் தேய்ந்தது. ஒவ்வொரு பத்து நிமிஷமும் மகளின் வண்டி வரவில்லை என்று ஊருக்குச் சொல்லி, மகளுக்காக வைத்திருந்த குரலைச் செலவழித்துக்கொண்டிருந்தாள்.

நாலரை மணிக்குத் தாமதம் என்ற சொல்லே வழுக்கியது. உதடு மூடவில்லை.

மாத்திரை டப்பாவைத் திறந்தாள். ஆறு மணிக்கு உரிய மாத்திரை அதன் குழியில் இருந்தது. டாக்டரின் விரல் அவளுக்கு ஞாபகம் வந்திருக்காதா? வந்தது. இருந்தும் எடுத்துப் போட்டுக்கொண்டாள். தண்ணீர் இரண்டு மடக்குதான் இறங்கியது; மூன்றாவது மூக்கில் ஏறிவிட்டது.

ஐந்து மணிக்குள் பலன் தெரிந்தது. வாய் முழுக்க எச்சில் ஊறியது. துண்டை வாயருகே வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வயிற்றை யாரோ துணி பிழிவது போலப் பிழிந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே தண்டவாளம் இரண்டு இரண்டாகப் பிரிந்து ஓடியது. ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாள். குரல் ஏறவில்லை.

ஐந்து பதின்மூன்றுக்குப் போன்.

"உங்க மூணு மணி வண்டி இன்னும் ஏழு நிமிஷத்துல உள்ள வருது. முதல் பிளாட்பாரத்துல சரக்கு வண்டி வருது. அதனால நாலாவது பிளாட்பாரம். நாலு. சொல்லிடுங்க."

முதலாம் பிளாட்பாரத்தில் இரண்டு மணி நேரமாகக் காத்துக்கொண்டிருந்தவர்கள் முந்நூறு பேர் இருப்பார்கள். எல்லோரும் பாலம் ஏறி இறங்க வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக் கொடியோடு அந்தக் கோடியில் நிற்கிறார். கட்டைக்குரல் வர வேண்டுமானால் பத்து நிமிஷமாவது ஆகும்.

துண்டால் வாயைத் துடைத்தாள். தாடையைத் தாங்கிக்கொண்டு மைக்கை அழுத்தினாள்.

பிளாட்பாரத்தில் டிங் டாங் என்று மணி ஒலித்தது. அதற்குப் பின் வந்ததை யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து, மூக்கு வழியாக, எழுத்தே இல்லாத ஒரு நீளமான ஓசை.

"என்னய்யா இது, ஸ்பீக்கர்ல தண்ணி போயிடுச்சா?" என்றார் ஒருவர்.

"ஸ்பீக்கர்ல இல்ல, உள்ள இருக்கறவங்க வாயில போயிருக்கும்" என்றார் பக்கத்திலிருந்தவர், சாராய பாட்டிலைச் சாய்ப்பது போலக் கையைக் காட்டி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

லிஃப்ட் மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். மனைவியின் குரல் என்று தெரிகிறது. என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை.

மறுபடியும் அதே ஓசை. இந்த முறை நடுவில் நின்று, மூச்சு வாங்கி, தொடர்ந்தது.

வாண்டு பெஞ்சின் மேல் ஏறிவிட்டாள். செருப்போடு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டு.

"நாலாவது பிளாட்பாரம்" என்று கத்தினாள். "வண்டி நாலாவது பிளாட்பாரத்துல வருது. இன்னும் ஆறு நிமிஷம். எல்லாரும் பாலத்துல ஏறுங்க."

"உனக்கு யாரும்மா சொன்னது?"

"இப்ப மைக்ல சொன்னாங்களே."

"அதுவா? அது உனக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. எங்கம்மா அது."

சாராய பாட்டிலைக் காட்டிய கை கீழே இறங்கியது. ஒரு குடும்பம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தது. அதைப் பார்த்து இன்னொன்று. கண்ணாடிக்குள் அந்த ஓசை மூன்றாம் முறை எழுந்தது. வாண்டு அதை வரி வரியாக வாங்கித் தன் தொண்டையால் பிளாட்பாரம் முழுக்கக் கொட்டினாள். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் அப்பாவுக்குச் செய்த அதே வேலை. இந்தத் தடவை ஐஸ்க்ரீம் கலக்கவில்லை.

மைக்கம்மா ஒற்றைக் கண்ணால் இதையெல்லாம் பார்த்தாள். பெஞ்சின் மேல் நிற்கிற மகள், கையை வீசுகிற மகள், பாலத்தை நோக்கி ஓடுகிற கூட்டம். பிறகு அந்தக் கூட்டம் மகளையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. கிளம்பும் முன் கண்ணாடியருகே வந்து கையசைத்துவிட்டுப் போவதாகத்தான் பேச்சு. நாலாம் பிளாட்பாரத்துக்கும் அறிவிப்பு அறைக்கும் நடுவே சரக்கு வண்டி வந்து நின்றுவிட்டது. எல்லாம் இரும்புச் சுவர்.

வண்டி புறப்படும் அறிவிப்பு ஒன்றுதான் பாக்கி. பிளாட்பாரம் மாறிவிட்டால் என்ன, புறப்பாட்டைப் பெட்டியும் சொல்லும், ஆளும் சொல்லலாம்.

கோடு போட்டுவைத்த தாள் முன்னால் இருந்தது. எச்சில் பட்டு இரண்டு வரி அழிந்திருந்தது. மைக்கைப் பார்த்தாள். துண்டின் உலர்ந்த ஓரத்தால் அதை மெதுவாகத் துடைத்தாள். எழுந்துபோகும்போது இடத்தைச் சுத்தமாக விட்டுப்போகிறவர்கள் துடைப்பார்களே, அது மாதிரி.

பெட்டியின் பொத்தானை அழுத்தினாள்.

"பயணிகள் கவனத்திற்கு" என்றது ஒன்பது வருஷத்துக்கு முந்தைய மைக்கம்மா. எத்தனை தெளிவு. எத்தனை முழுசான உதடுகள். "உங்கள் பயணம் இனிதாக அமையட்டும்."

நாலாம் பிளாட்பாரத்தில், ஓடத் தொடங்கிய வண்டியின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வாண்டு இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் மூச்சிரைக்க வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒருத்தரும் வண்டியைத் தவற விடலைம்மா" என்றார்.

அவள் அந்தத் தாளைத் திருப்பி எழுதினாள்: 'நாளையிலிருந்து தொலைந்த பொருள் அறைக்கே போகிறேன் சார்.'

அவர் இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று தேடி, "அங்க குடைதான் ஜாஸ்தி வரும்" என்றார்.

கட்டைக்குரல் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தார். "என்னைக் கூப்பிட்டிருக்கலாமே, அக்கா. பின்னாடிதானே இருக்கேன்." மைக்கம்மா தலையசைத்து நாற்காலியை அவருக்கு விட்டுக்கொடுத்தாள். பத்தொன்பது வருஷ நாற்காலி. அவர் உடனே உட்காரவில்லை. கொஞ்ச நேரம் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர் கனைக்கவும் இல்லை.

புருஷன் பாலம் ஏறி இறங்கி வந்து சேர்ந்தபோது அவள் வாசல் பெஞ்சில், தாடைக்குக் கையை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். மாத்திரை டப்பா மடியில் திறந்து கிடந்தது. ஆறு மணிக் குழி காலி. அவர் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"போட்டுட்டியா?"

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தாடையைத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். அவள் கைக்கு ஓய்வு கிடைத்தது.

அவருடைய போன் அடித்தது. வாண்டு. ஸ்பீக்கரில் போட்டு அவள் காதருகே பிடித்தார்.

"அம்மா, நீ பேசாதே. நான் பேசறேன், நீ கேளு." பின்னால் சக்கரச் சத்தம். "காலையில பத்தொன்பதுல அடுப்பை அணைக்கத் திரும்பினியே. அடுப்பு எரியவே இல்லம்மா. நான் பாத்துட்டேன்."

மைக்கம்மா புருஷனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்துட்டுத்தான் முப்பத்தொண்ணுன்னு எழுதினேன். பத்தொன்பதுன்னு எழுதியிருந்தா இன்னிக்கு ஆஸ்பத்திரி. நான் ரயில் ஏறியிருக்க முடியாது. எனக்குப் போகணும்னு இருந்துச்சு. ஒரு வருஷமா உன் இமையையும் உன் மூச்சையுமே பாத்துட்டு இருந்தேன். அப்பா சொல்ற லிஃப்ட் இருக்கே, அதுல இருந்து நான்தான் இறங்கிட்டேன். உங்களை உள்ள விட்டுட்டு."

அவள் அழுவது சக்கரச் சத்தத்தை மீறிக் கேட்டது.

மைக்கம்மா ஏதோ ஒன்று சொன்னாள். ஒரே சொல். தாடையைத் தாங்கிக்கொண்டு ஒட்டி உட்கார்ந்திருந்த புருஷனுக்கு அது புரியவில்லை. பத்து மைல் தள்ளி ஓடுகிற ரயிலில் இருந்தவளுக்குப் புரிந்துவிட்டது.

"தெரியுமா?" என்றாள் வாண்டு. "நான் பாத்தது உனக்குத் தெரியுமா? தெரிஞ்சும் என்னை அனுப்பிவச்சியா?"

மைக்கம்மா போனைத் தன் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அப்பா, நீங்க பக்கத்துல இருக்கீங்களா? கேட்டுக்குங்க, இனிமே நீங்கதான் எழுதணும். அம்மா, இப்ப எண்ணு. திருடாம எண்ணு."

மைக்கம்மா மூச்சை இழுத்தாள். நெஞ்சில் கம்பி போட்ட தழும்பு சேலைக்குள் ஏறி இறங்கியது.

ஒண்ணு. ரெண்டு. மூணு.

ரயிலில் வாண்டு போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, உதட்டை அசைத்துக் கூடவே எண்ணினாள். எட்டு. ஒன்பது. பத்து ஒரு நூல் மாதிரி வந்தது. பதினொன்று, பன்னிரண்டு என்று அந்த நூல் இன்னும் மெலிந்தது. பதின்மூன்று. பதினாலு.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

"அம்மா?"

வண்டி மலையைக் குடைந்த சுரங்கப் பாதைக்குள் நுழைந்திருந்தது. ஜன்னலில் இருட்டும் அவள் முகமும்தான். போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள், சிக்னல் இல்லை. பதினாலோடு நின்றது அம்மாவின் மூச்சா, அறுந்துபோன லைனா? அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த நிறுத்தம் நாற்பது நிமிஷம் தள்ளி. மேல் பலகையிலிருந்து பெட்டியை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா சரிசெய்த சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

இறங்குவாளா, போவாளா? அதை அவளே இன்னும் தீர்மானிக்கவில்லை. இருட்டு முடிந்து வெளிச்சம் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாள். நாமும் அவளை அப்படியே விட்டு எழுந்திருப்போம்.

என் கண்ணுகளா, இவ்வளவு நேரம் கேட்டீர்கள். உங்கள் வீட்டில் பேசத் தொடங்கிய குரல் எதுவும் பாதியில் நிற்காமல் இருக்கட்டும். சொல் குழறினாலும் புரிந்துகொள்ள ஒரு காது உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும். ஊர் விட்டுப் போன பிள்ளைகள் நல்ல சேதியோடு கூப்பிடட்டும். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் மூச்சும் சிரிப்பும் நீளமாக இருக்கட்டும்.